பஸ்மியா எழுதிய சோதினை

பஸ்மியாவை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். கிண்ணியாவில் ஒரே பாடசாலையில் அவள் கணிதம் படிப்பித்தாள், நான் ஆங்கிலம். நான் திருகோணமலை நகரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து போய்வருபவள். அவளுடைய வீடு பாடசாலைக்குப் பின்வீதியில் இருந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் ஓய்வறையில் யாரோடும் அதிகம் பேசாத நாங்கள் இருவரும் எப்படியோ ஒரே மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

அவள் புள்ளிவிபரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கு இரண்டு தடவை நேர்முகத்துக்குப் போனாள். இரண்டு தடவையும் வேறு யாருக்கோ கிடைத்தது. அதைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஒருநாள் மட்டும், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"ரீச்சர், அமெரிக்காவில மேல படிக்கப் போறவங்களுக்குப் படிப்பும் குடுத்து, அங்கயே வேலையும் குடுக்காங்களாம். ஆனா அதுக்கு முதல் ஒரு சோதினை எழுதோணும். கணக்கு எனக்குப் பிரச்சினை இல்ல. இங்கிலீசுக்கு நீங்கதான் உதவி செய்யோணும்."

அந்தச் சோதினையின் பெயர் ஜி.ஆர்.ஈ. கொழும்பில் ஒரு நிலையத்தில் கணினியில் எழுத வேண்டும். முதல் தடவை அவள் பதிந்தது 2022 ஆடி மாதத்துக்கு. நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற மாதம் அது. அவள் போகவிருந்த பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸும் வரவில்லை. மூன்று மணித்தியாலம் பஸ் நிலையத்தில் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனாள். கட்டிய பணமும் போனது.

அடுத்த மாதமே அவளுடைய வாப்பாவின் கால்கள் வீங்கத் தொடங்கின.

வாப்பாவின் பெயர் றஊப். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உயரமான, சத்தமாகப் பேசுகிற மனிதர். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், திருகோணமலை ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை இயந்திரத்தில் இரத்தம் சுத்தமாகும். உம்மா நஜ்முன் நிஸாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது. தங்கை அப்ரா மூதூரில் கலியாணம் முடித்து, கைக்குழந்தையோடு இருந்தாள். ஆகவே கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு பஸ்மியாவுக்கே வந்தது.

பாடசாலை விட்டதும் ஓட்டோவில் வாப்பாவை ஏற்றுவாள். நானும் நகரத்துக்குத்தானே திரும்ப வேண்டும், அதே ஓட்டோவில் போவேன். பாலத்தில் காற்று அடிக்க, மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்திருப்போம். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே விட்டபின், வெளியே இருந்த நீள வாங்கில் நானும் அவளும் ஒரு மணித்தியாலம் ஆங்கிலச் சொற்கள் படிப்போம். பிறகு நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறப்பாள். ஆறு மணிவரை மாதிரித் தேர்வு. பக்கத்தில் யாரோ அழுவார்கள், யாரோ சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள், துடைக்கிறவர் வந்து காலைத் தூக்கச் சொல்லுவார். அவள் காலைத் தூக்கியபடியே அடுத்த கேள்விக்குப் போவாள்.

ஆங்கிலம் அவளுக்கு இலகுவாக வரவில்லை. ஒரு சொல்லைப் பத்துத் தடவை எழுதுவாள், அடுத்த வியாழன் மறந்திருப்பாள். மறந்தது தெரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு பதினோராம் தடவை எழுதுவாள்.

வாப்பாவுக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. ஒருநாள் நானும் ஆறு மணிவரை நின்றுவிட்டேன். இயந்திரத்திலிருந்து இறங்கி, களைத்துப்போய், ஓட்டோவுக்குக் காத்திருந்தபோது எனக்கு முன்னாலேயே கேட்டார்.

"நீ போயிட்டா என்ன ஆரு இங்க கொண்டு வாற?"

"கிழமைக்கு ரெண்டு நாள்தானே வாப்பா. அப்ரா வருவாள்."

"அவள் புள்ளயத் தூக்குவாளா, என்னத் தூக்குவாளா?"

ஓட்டோ வந்ததும் பஸ்மியா அவரைக் கையைப் பிடித்து ஏற்றினாள்.

அவளுடைய கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. தற்செயலாகத்தான் கண்டேன். டயலிசிஸுக்கு வருகிறவர்களின் பெயர்கள், பக்கத்தில் திகதிகள், சில இடங்களில் ஒரு குறுக்குக் கோடு.

"இது என்ன?"

"ஒண்டுமில்ல ரீச்சர், பழக்கம்." கொப்பியை இழுத்து மூடினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பத் திறந்து காட்டினாள். "ஒரு தவணையாவது வராம விட்டவங்க ஏழு பேர். அதில நாலு பேர் அடுத்த தவணைக்கு வரல்ல. ரத்தத்தில பொட்டாசியம் கூடினா இதயம் நிண்டு போகுமாம். டொக்டர் சொன்னவர்."

இன்னொரு நாள் அதே வாங்கில் என்னிடம் கேட்டாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தபடியால் குரலை மிகவும் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"ரீச்சர், எனக்கு அங்க இடம் கிடைச்சுதெண்டு வைங்க. வாப்பா உயிரோட இருக்கிற வரைக்கும் நான் போக ஏலாது. அப்ப நான் எதுக்குக் காத்துக்கொண்டு இருக்கன்? சொல்லுங்க, எதுக்கு?"

அப்படி நினைக்கக் கூடாது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பஞ்சை எடுத்துக் காதுக்குள் வைத்தாள்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது. 2023 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. வியாழன் காலையே பஸ் ஏற வேண்டும். அன்று பின்னேர டயலிசிஸுக்கு வாப்பாவைக் கொண்டுபோக அப்ரா மூதூரிலிருந்து புதன்கிழமையே வந்துவிட்டாள். என்னைத் துணைக்கு வரச் சொன்னார்கள். வத்தளையில் என்னுடைய அண்ணன் நிக்கலஸ் குடும்பத்தோடு இருக்கிறார், வான் ஓட்டுகிறவர். அவர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

வியாழன் காலை நான் அவளை அழைக்கப் போனபோது வாப்பா கதிரையில் இருந்தார். முகம் ஊதியிருந்தது, ஆனால் டயலிசிஸ் நாட்களில் எப்போதும் அப்படித்தான் இருக்கும். பஸ்மியா மாத்திரைப் பெட்டியை அப்ராவிடம் கொடுத்து, ஒவ்வொன்றாக விளக்கினாள். ஒன்றரைக்கு ஓட்டோ வரும், கிளினிக் கொப்பி அலுமாரியில் இருக்கிறது, மறக்க வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாள். வாப்பா, "கவனமாப் போ" என்றார்.

ஏழு மணித்தியாலப் பயணம். பின்னேரம் கொழும்பு போய்ச் சேர்ந்ததும் அப்ராவுக்கு அழைத்தாள்.

"வாப்பாவக் கொண்டு போனியா?"

"ஓம் ராத்தா. உள்ள விட்டிட்டன். நீங்க யோசிக்காமப் படியுங்க."

அவள் முகத்தில் அன்று முழுவதும் இருந்த இறுக்கம் அப்போதுதான் தளர்ந்தது. அண்ணன் வீட்டில் எல்லோரோடும் இருந்து சாப்பிட்டாள். கடை இறைச்சி அவளுக்கு ஹலாலாக இருக்காதென்று அண்ணி மீன் மட்டும்தான் சமைத்திருந்தார்.

தேர்வு நிலையம் ஒரு உயரமான கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. எட்டரைக்கே போய்விட்டோம். கடவுச்சீட்டைத் தவிர எதையும் உள்ளே கொண்டுபோக ஏலாது. தன்னுடைய கைத்தொலைபேசியை நிறுத்தி என்னிடம் தந்தாள். கைப்பையையும் தந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மேசைக்கு முன்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் கடைசியாகப் போய் நின்றாள். கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் லிஃப்டுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

எட்டு நாற்பதுக்கு என்னுடைய தொலைபேசி அடித்தது. அப்ரா.

"ரீச்சர், வாப்பா மௌத்தாகிட்டார்." அதற்குப் பிறகு அழுகை. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு பேசினாள். "ஏழரைக்கு, குடிக்கத் தேத்தண்ணி கேட்டார். கொண்டு வாறதுக்குள்ள... ராத்தா உள்ள போயிட்டாவா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அவளுடைய முதுகு தெரிந்தது.

"இன்னும் இல்லை" என்றேன்.

"உம்மா சொல்றா, சோதினை முடியட்டும், பிறகு சொல்லுங்க எண்டு. ஆனா பள்ளிவாசல்ல அசறுக்குப் பிறகு அடக்குறதெண்டு முடிவெடுத்திட்டாங்க. எனக்கு ஒண்டும் தெரியல்ல ரீச்சர். நீங்க பாத்துச் செய்யுங்க."

அசர் தொழுகை மூன்றரை மணியளவில். ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் மூன்று மணிக்குக் கிண்ணியாவில் இருக்கலாம். தேர்வு முடிந்து வெளிக்கிட்டால் ஆறு மணியாகும்.

எங்கள் கத்தோலிக்க வேதத்தில் பிரேதத்தை இரண்டு மூன்று நாள் வைத்திருப்போம், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்காகக் காத்திருப்போம். அவர்களுடைய வழக்கம் அப்படி இல்லை. எனக்கு அது தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு வருடம் கிண்ணியாவில் படிப்பித்தவள், எத்தனையோ ஜனாஸா வீட்டுக்குப் போனவள். இப்போது சொல்லாவிட்டால் அவள் வாப்பாவின் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்று தெரிந்துதான் அந்தக் கதிரையில் இருந்தேன். டீசல் இல்லாமல் பஸ் நிலையத்தில் நின்ற அந்த நாள் நினைவுக்கு வந்தது. பஞ்சை அடைத்த காதுகளோடு அவள் வாங்கில் இருந்த பதினான்கு மாதமும் நினைவுக்கு வந்தது. போன உயிரைப் பிடிக்க முடியாது, இதையாவது பிடிக்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அவளுடைய முறை வந்தது. கடவுச்சீட்டை நீட்டினாள். உள்ளே போகிறபோது திரும்பி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

அண்ணனுக்கு அழைத்து வானோடு கீழே வந்து நிற்கச் சொன்னேன். பிறகு அந்த மூன்றாம் மாடியில் இரண்டரை மணித்தியாலம் இருந்தேன். செபமாலையைக் கையில் எடுத்தேன், திரும்பப் பைக்குள் வைத்தேன்.

பதினொன்று இருபதுக்கு வெளியே வந்தாள். முடிந்ததும் திரையிலேயே புள்ளியைக் காட்டுவார்கள். ஓடாத குறையாக வந்தாள்.

"ரீச்சர், கணக்குக்கு நூற்றி அறுபத்தெட்டு! நூற்றி எழுபதுக்கு! இங்கிலீசு நூற்றி ஐம்பத்திரண்டு. காணும் ரீச்சர், எனக்கு இது காணும். ஃபோனைத் தாங்க, வாப்பாக்குச் சொல்லோணும்."

நான் தொலைபேசியைக் கொடுக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்தேன்.

"பஸ்மியா, வாப்பா போயிட்டார்."

"எங்க?" என்று கேட்டாள்.

என்னுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "எப்ப?" என்றாள்.

"காலையில. ஏழரைக்கு."

"எப்ப அடக்கம்?"

"அசறுக்குப் பிறகு."

சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. பிறகு படிகளில் இறங்கி ஓடத் தொடங்கினாள். லிஃப்ட் பக்கத்தில்தான் நின்றது.

வானில் ஏறியதும் அப்ராவின் புருசன் றிப்திக்கு அழைத்தாள். பொழுதுபட்டு மஃரிப் தொழுகை வரைக்கும் வைத்திருங்கள் என்று கெஞ்சினாள். அவர் பள்ளியில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஐந்து மணிவரை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அண்ணன் நிக்கலஸ் தன் வாழ்நாளில் அப்படி ஓட்டியிருக்க மாட்டார். குருநாகலில் மழை. தம்புள்ளையில் மரக்கறி லொறிகள் வீதியை அடைத்துக்கொண்டு நின்றன. அவள் முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். ஹபரணையைத் தாண்டும்போது திரும்பாமலே கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப சொன்னாங்க ரீச்சர்?"

"நீங்க உள்ள போனாப் பிறகு" என்றேன்.

கந்தளாய்க்கு வரும்போது ஐந்து ஐந்து. றிப்தி அழைத்தார். சனம் நிற்கிறது, உடம்பு தாங்காது, தூக்கப்போகிறோம் என்றார். அவள் "சரி" என்றாள். தொலைபேசியை மடியில் வைத்தாள். அப்போதும் அழவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். முற்றத்தில் வாப்பாவைக் கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை. உம்மா அவளைக் கட்டிப் பிடித்து, "சோதினை எழுதினியா மகள்?" என்று கேட்டார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பத்து நாள் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். அன்று காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தாள். வாப்பாவின் பென்சன் காரியத்துக்கு டயலிசிஸ் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அங்கே இருந்த தாதி அனுதாபமாகத்தான் பேசியிருக்கிறார். "வியாழக்கிழமை ஆறு மணி வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள், ஏன் வரேல்ல?" என்று கேட்டிருக்கிறார்.

நான் போனபோது அப்ரா குசினி வாசலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பஸ்மியா அவளுக்கு எதிரில் நின்றாள். உம்மா இத்தாவில், புருசனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற அந்தக் காலத்தில், உள்ளறையில் இருந்தார்.

"வாப்பாதான் வர மாட்டன் எண்டார்," அப்ரா அழுதுகொண்டே சொன்னாள். "புள்ளைக்குக் காய்ச்சல், நெருப்பாக் கொதிச்சது. ஒரு நாளைக்கு ஒண்டும் ஆகாது, நீ புள்ளயப் பாரு எண்டார். ராத்தா கேட்டா, போனம் எண்டு சொல்லு, இல்லாட்டி அவள் பஸ்ஸால இறங்கி வந்திடுவாள் எண்டு அவர்தான் சொன்னார். நான் நம்பிட்டன். எனக்கு என்ன தெரியும்?"

அப்ராவுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் பஸ்மியாவுக்குத் தெரியும். ஏழு பேர், அதில் நான்கு பேர் என்று பெயரோடு எழுதி வைத்தவள் அவள். வாப்பா உண்மையிலேயே ஒன்றும் ஆகாது என்று நினைத்தாரா, களைத்துப்போய் விட்டுவிட்டாரா, இல்லை மகளுக்கு வழிவிட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. அதை நாங்கள் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை.

பஸ்மியா சத்தம் போடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"ரீச்சர், அண்டைக்கு இவள் உங்களுக்கு எத்தின மணிக்கு எடுத்தவள்?"

அப்ரா என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை பொய் சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது.

"எட்டு நாற்பதுக்கு. நீங்க வரிசையில நிண்டனீங்க. கதவு திறந்துதான் இருந்தது."

"கூப்பிட்டிருந்தாக் கேட்டிருக்குமா?"

"ஓம்."



"நீங்க போங்க ரீச்சர்" என்றாள்.

அந்த வருடம் அவள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை. மார்கழியில் கடைசித் திகதிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. உம்மாவின் நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை பாடசாலை, வீடு என்று இருந்தாள். ஓய்வறையில் வேறு மேசைக்கு மாறிவிட்டாள். எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்லுவதுபோலத் தலையை அசைப்பாள். நான் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கப் போனேன். முதல் தடவை, "வகுப்பு இருக்கு ரீச்சர்" என்றாள். இரண்டாம் தடவை, "நீங்க எனக்கு நல்லதுதான் நினைச்சீங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

புள்ளிகள் ஐந்து வருடத்துக்குச் செல்லும். அடுத்த மார்கழியில் அவள் யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்தாள். ஆங்கிலக் கடிதத்தை யாரிடமும் திருத்தக் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில், குளிர் அதிகமான ஒரு ஊரில் இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு. அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்தபோதுதான் எனக்குத் தெரியும். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் மேடைக்கு வரவில்லை.

2025 ஆவணியில் போனாள். ஓய்வறைக்கு வந்து எல்லோரிடமும் "போயிட்டு வாறன்" என்று சொன்னாள். என்னிடமும் அதே இரண்டு சொல். அதற்கு மேலும் இல்லை, குறைவும் இல்லை.

உம்மாவோடு இருப்பதற்காக அப்ரா இப்போது கிண்ணியாவுக்கே குடிவந்துவிட்டாள். அவளைச் சந்தையில் சில வேளைகளில் காண்பேன். போன கிழமை மீன் வாங்கிக்கொண்டு நின்றாள். ராத்தா எப்படி இருக்கிறா என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் எடுப்பா ரீச்சர். உம்மாட ஃபோன் பழுது, என்ட ஃபோனுக்குத்தான் எடுப்பா." மீன்பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "நான் ஹலோ சொன்னா, 'உம்மாக்கிட்டக் குடு' எண்டு மட்டும் சொல்லுவா."